ஆளை நிறுத்தி வண்டியைக் கட்டுங்கள்!

தோழர்களே! சென்னை வீதிகளில் ஓடிய டிராமை லெகோ கட்டைகளால் பொம்மையாக வடிக்க முனைவோர் முயற்சி வெல்க!

குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். இந்த அளவுக்குள் வண்டியைச் சுருக்கினால் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். வளைவை விடுங்கள், வேலைப்பாட்டை விடுங்கள், உழைத்தவனை விடாதீர்கள்!

1895-இல் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. நின்றது வண்டி மட்டுமா? தொழிலாளியின் பிழைப்பும் அல்லவா!

ஆகவே, 4 சென்டிமீட்டர் உயர மனிதப் பொம்மைகள் இரண்டை முதலில் நிறுத்துங்கள். ஒருவர் ஓட்டுநர், ஒருவர் நடத்துநர். அவர்கள் நிற்கும் இடத்தை அளந்து, அதற்கேற்ப வண்டியை எழுப்புங்கள்.

“இதை ஓட்டியது யார்?” என்று நாளை பிள்ளை கேட்டால், காட்டுவதற்கு ஆள் வேண்டாமா?

ஆளில்லா டிராம் அலமாரிக்கு அழகு. ஆளுள்ள டிராமே வரலாறு!