எண்பதாவது முழுக்கில் கேட்ட சத்தம்

"டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கினதுக்கு டிசைன்தான் காரணமா அண்ணே?" என்று டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான் தம்பி. ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிக் கதைதான்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். டைட்டன் பார்க்கப் போன டைட்டானிக் கப்பல் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஏறக்குறைய 380 கிலோ அமுக்கும். நகத்தின் மேல் ரெண்டு புல்லட் பைக்கை நிறுத்தினாற்போல. இதற்குத் தோதான வடிவம் உருண்டை. பாரம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 1964 முதல் ஓடும் அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கி, உருண்டைக்குள் ஆட்களை வைத்து 5,000 தடவைக்கு மேல் முங்கியிருக்கிறது. ஓர் உயிர்கூடப் போனதில்லை. நம் சென்னைப் பள்ளிக்கரணைக்காரர்களின் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கிக்கும் 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானிய உருண்டைதான். ஆனால் அதில் மூன்று பேர்தான் உட்காரலாம். டைட்டனைக் கட்டிய ஓஷன்கேட் கம்பெனிக்கு ஐந்து பேரை ஏற்றணும், அதனால் உருளை. எடையும் குறையணும், அதனால் கார்பன் ஃபைபர்.

கடை வாசலில் தொங்கிய வாழைத்தாரைக் காட்டினேன். "தாரைத் தாங்குதே கயிறு, அதே கயித்து மேல தாரை நிக்க வச்சுப் பாரு."

கார்பன் நாரும் அந்த ரகம். இழுத்தால் எஃகையே தோற்கடிக்கும். கடலோ இழுப்பதில்லை, அமுக்குகிறது. அப்போது தாங்குவதில் முக்கிய வேலை நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசினுடையது. டைட்டன் ஓட்டின் ஐந்து அங்குலச் சுவரை அடுக்கடுக்காகச் சுற்றி இறுக்கியபோது சுருக்கங்களும் வெற்றிடங்களும் உள்ளேயே தங்கிவிட்டதை விசாரணையில் கண்டார்கள். ஒவ்வொரு முழுக்கும் அந்த அடுக்குகளைக் கொஞ்சம் நெகிழ்த்தும்.

"அப்ப டிசைன்தானே!"

ஓட்டை இல்லாத டிசைன் ஏது? அதைப் பிடிக்கத்தான் வெளியாள் சோதனையும் சான்றிதழும். டைட்டனுக்கு அந்தச் சான்று வாங்கவே இல்லை. 2018-இல் எச்சரித்த கம்பெனியின் கடற்பணி இயக்குநருக்கு வேலை போனது.

2022 ஜூலை, 80-ஆவது முழுக்கு. மேலே வரும்போது படார் என்று ஒரு சத்தம். உள்ளே இருந்தவர்களுக்கே கேட்டது. அதற்குப் பிறகு ஓடு பழையபடி நடந்துகொள்ளவில்லை என்று கருவிப் பதிவுகளும் காட்டின. ஓடு தன் சட்டகத்தில் நகர்ந்து உட்கார்ந்த சத்தம் என்று முதலாளி ஸ்டாக்டன் ரஷ் சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க டைட்டன் கனடாவில் வெட்டவெளியில் கிடந்தது. 2023 ஜூன் 18 அன்று அதே ஓட்டுக்குள் இறங்கிய ஐந்து பேரில் ரஷ்ஷும் ஒருவர்.