உப்பு ஏடு சொல்லும் தவணை

இதயத்தின் அசைவிலிருந்தே மின்சாரம் பெற்று ஆயுள் முழுவதும் இயங்கும் பேஸ்மேக்கர் வந்துவிட்டதாகச் செய்திகள் அவ்வப்போது வெளியாகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை விலங்குகளில் நடந்த சோதனைகள் பற்றியவை என்பதும், புத்தளத்திலிருந்து கொழும்புக்குக் கிளினிக் செல்லும் நோயாளியின் நெஞ்சிலுள்ள கருவி இன்னமும் இலிதியம் பற்றரியிலேயே இயங்குகிறது என்பதும் அச்செய்திகளில் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. அந்தப் பற்றரி ஒருநாள் தீரும். ஆனால் சொல்லாமல் தீராது.

பல பத்தாண்டுகளாகப் பேஸ்மேக்கர்களை இயக்கிவந்த இலிதியம்–அயடீன் கலத்தில், இரு முனைகளையும் பிரிக்கும் தடுப்பு எதுவும் தனியே வைக்கப்படுவதில்லை; இலிதியமும் அயடீனும் தொட்டவுடனேயே இலிதியம் அயடைட்டு என்னும் உப்பு மெல்லிய ஏடாகப் படர்ந்து தானே தடுப்பாகிவிடுகிறது. இலிதியம் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதனூடே செல்ல, செல்லவியலாத இலத்திரன்கள் வெளிச்சுற்று வழியே சென்று இதயத்தைத் தூண்டுகின்றன. ஏட்டில் வெடிப்பு விழுந்தாலும் அவ்விடத்திலேயே புதிய உப்பு உருவாகி அதை அடைத்துவிடுகிறது.

புத்தளத்து உப்பளங்களில் காற்று ஓய்ந்த வேளையில் பாத்தியின்மேல் உப்பு ஏடு படர்ந்தால், கீழுள்ள நீர் ஆவியாவது மந்தப்படும். கலத்திலும், துடிப்புக்குத் துடிப்பு செலவாகும் இலிதியம் உப்பாகச் சேர, ஏடு தடித்து, அகத்தடை பல ஆயிரம் ஓம் வரை ஏற, 2.8 வோல்ற்றில் தொடங்கிய அழுத்தம் மெல்ல இறங்குகிறது. பாத்தியில் ஏட்டைக் கலைத்துவிடலாம், இங்கு கலைத்தாலும் மீண்டும் படரும். அங்கு உப்பு விளைச்சல், இங்கு அது செலவுக் கணக்கு. அந்தக் கணக்கைத் தோலைக் கீறாமலேயே வைத்தியர் வாசித்துவிடுகிறார். கருவிமேல் காந்தம் வைத்தால் அது ஒரே சீரான வேகத்தில் துடிக்கத் தொடங்கும். சில கருவிகளில் நிமிடத்துக்கு 85 ஆக இருக்கும் அவ்வேகம், மாற்றும் காலம் வந்ததும் 65 ஆகக் குறையும். அதன் பின்னரும் வழக்கமாக ஏறத்தாழ 3 மாத அவகாசம் இருக்கும்.

வரலாறு இவ்வளவே: 1958 ஒக்டோபர் 8 இல் ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்னும் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட முதற் கருவி சில மணித்தியாலங்களே இயங்கியது, 2001 வரை வாழ்ந்த அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் தேவைப்பட்டன. பின்வந்த இரசப் பற்றரிகள் ஐதரசன் வாயுவை வெளிவிட்டதால் அவற்றை முற்றாக மூடவியலவில்லை. 1972 இல் மனிதரில் முதன்முதல் பொருத்தப்பட்ட இலிதியம்–அயடீன் கலம் வாயு எதையும் வெளிவிடாததால், கருவியைத் தைத்தேனியப் பெட்டிக்குள் அடைத்து ஒட்டவைக்க முடிந்தது.

அவ்வாறு ஒட்டப்பட்டிருப்பதாலேயே பற்றரியை மட்டும் மாற்றவியலாது, பெட்டி முழுவதும் மாற்றப்படுகிறது. காறை எலும்பின் கீழ் விறைப்பு ஊசி போட்டு, பழைய தழும்புக்கருகே கீறி, பெட்டியை வெளியெடுத்து, திருகாணியைத் தளர்த்தி வயரைக் கழற்றி, அது இதயத்தை இன்னும் சரிவரத் தூண்டுகிறதா என்று சோதித்த பின்னரே புதிய பெட்டியில் மாட்டுவர். வயர் நன்றாயிருந்தால் அது இதயத்திலேயே இருக்கும் என்பதால், முதற் சத்திரசிகிச்சையை விட இது பெரும்பாலும் சுருங்கியதாகவே அமையும். ஆயினும் கிருமித்தொற்று அபாயம் முதல் தடவையிலும் பார்க்க இதில் அதிகம். அதற்காகவே முன்கூட்டி நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடப்படுகிறது. காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்தை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

தீராத பற்றரி என்றோ ஒருநாள் வரலாம். இன்றைய பற்றரி தன் முடிவை மாதக்கணக்கில் முன்னரே அறிவிக்கிறது, ஆனால் அவ்வறிவிப்பு கிளினிக் தவணையைத் தவறவிடாதவருக்கே பயன்படும்.