கடற்கரை விடுமுறையும் கடலுணவும்: சின்னப் பிள்ளையுடன் போகும் வீட்டாருக்கு

டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் எமது குடும்பங்களில் பல நெல்சன் பே, கோல்ட் கோஸ்ட், இன்னும் தூரமாகக் கேன்ஸ் என்று புறப்பட்டுவிடும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது, ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்து நிற்கும் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது, போகும் வழியில் நண்டும் றாலும் வாங்கி எஸ்கியில் அடுக்குவது எல்லாம் எமக்குப் பழகிவிட்டன. கடல் குளிப்பு ஒரு சாட்டு, நண்டுக்கறிதான் காரியம் என்று சிரிப்பவர்களும் உண்டு. அதில் பிழை ஒன்றும் இல்லை.

போகுமுன் பெற்றோர் எம்மிடம் கேட்பது பெரும்பாலும் சுறாவையும் ஜெலி மீனையும் பற்றித்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை நாம் அதிகம் பயப்படுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, பிள்ளை அதற்கு முன் சாப்பிட்டிராத கடலுணவு. மற்றது, வாடகை வீட்டின் பின்வளவில் உள்ள நீச்சல் குளம். இரண்டுக்கும் காரில் ஏறுமுன்பே ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்பதால்தான் இதை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதல் வாய் வீட்டிலேயே

நண்டு, றால், சில மீன் வகைகள் ‘கிரந்தி’ என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் ஒதுக்குவது எமது வழக்கம். இரண்டு மூன்று வயது வரை அப்படி ஒதுக்கிவிட்டு, விடுமுறை வீட்டில் எல்லோரும் சுற்றியிருந்து நண்டு உடைக்கும்போது ‘பாவம், பிள்ளையும் ஒரு வாய் தின்னட்டும்’ என்று ஊட்டிவிடுவதும் எமது வழக்கந்தான். முதல் வாய் வைக்க இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது. இரவு நேரம், பழக்கமில்லாத ஊர், வைத்தியசாலை எங்கே என்று தெரியாது, போதாததற்குக் கறி நல்ல உறைப்பு.

சில வருடங்களுக்கு முன் எம்மிடம் வரும் ஒரு குடும்பத்தில் இது நடந்தது. பெற்றோரின் சம்மதத்துடன் எழுதுகிறோம். இரண்டரை வயதுப் பிள்ளை. நண்டுக்கறியில் ஒரு சின்னத் துண்டு. பத்து நிமிடத்தில் உதடு தடித்தது. உறைப்பு என்று நினைத்துத் தண்ணீரும் சீனியும் கொடுத்தார்கள். பிறகு சத்தி எடுத்தது. ‘ஒத்துக்கொள்ளவில்லை, வெளியே வந்துவிட்டது, இனிச் சுகம்’ என்றார்கள். அதன் பின்தான் விடாத இருமலும் குரல் அடைப்பும். அம்மம்மா காற்றுப்படட்டும் என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தையில் நடந்தார். தகப்பன் கார்ச் சாவியைத் தேடினார். வைத்தியசாலை நாற்பது நிமிட ஓட்டம். நல்ல காலம், பக்கத்து வீட்டில் இருந்தவர் 000க்கு அழைக்கச் சொன்னார். அம்புலன்சில் வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் பிள்ளைக்கு மூச்சு இலகுவாயிற்று. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மீன் நன்றாகச் சாப்பிடும். நண்டும் றாலும் மட்டும் கிடையாது.

அந்த வீட்டில் ஒவ்வொருவரும் அன்போடுதான் எல்லாம் செய்தார்கள். ஆனால் அனபிலக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமையில் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு நடப்பது ஆபத்தானது. இரத்த அழுத்தம் திடீரென விழுந்துவிடலாம். படுக்க வைக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் கைகளில் கிடையாகப் பிடிக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டி இருத்தலாம். நடக்கவோ நிற்கவோ விடக்கூடாது. இப்படியான நேரத்தில் நீங்களே காரில் கொண்டு ஓடுவதைவிட 000க்கு அழைப்பது மேல், ஏனென்றால் மருந்து உங்களிடம் வருகிறது.

இன்னொன்று, எமது நிறத்துப் பிள்ளைகளுக்கு முக்கியமானது. புத்தகப் படங்களில் ஒவ்வாமைத் தடிப்பு சிவப்பாகத் தெரியும். எமது தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பாருங்கள், நுளம்பு கடித்ததுபோலத் திட்டுத்திட்டாக மேலெழும்பி இருக்கும். சில பிள்ளைகளுக்குத் தடிப்பே வராமலும் இருக்கலாம். நாக்கு வீங்குவது, குரல் கரகரப்பது, விடாமல் இருமுவது, மூச்சில் சத்தம் கேட்பது, சின்னப் பிள்ளை வெளிறித் துவண்டு போவது ஆகிய எது வந்தாலும் உடனே அட்ரினலின் தேவை. எப்பிபென் போன்ற ஊசி கையில் இருந்தால் முதலில் அதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டுவிட்டுப் பிறகு அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் சுகம் தெரியாவிட்டால், இரண்டாவது ஊசி இருந்தால் போடலாம். அலர்ஜிச் சிரப் கடும் ஒவ்வாமையை நிறுத்தாது.

கிரந்தி என்ற பயத்துக்கு வருவோம். கொடுக்காமல் தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை குறைவதில்லை. ஆறு மாதமளவில் திட உணவு தொடங்கியபின், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய உணவுகளை முதல் வருடத்திலேயே பழக்குங்கள் என்பதுதான் இன்று அவுஸ்திரேலியாவில் சொல்லப்படும் ஆலோசனை. விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் தொடங்கலாம். பிள்ளை சுகமாக இருக்கும் ஒரு நாளில், காலையிலோ மத்தியானமோ, நன்றாக அவித்த றாலில் உறைப்பில்லாமல் ஒரு சிறு துணுக்கை மசித்துக் கொடுத்து இரண்டு மணித்தியாலம் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கூட்டலாம். மீன் ஒரு வகை; நண்டும் றாலும் இன்னொரு வகை; கணவாய், மட்டி, சிப்பி வேறொரு வகை. மீன் ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு றால் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. கடுமையான கரப்பன் உள்ள பிள்ளை, அல்லது ஏற்கனவே முட்டையோ கச்சானோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

வாடகை வீட்டுக்குப் போய் இறங்கியதும் அந்த வீட்டு விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். 000க்கு அழைப்பவர் தடுமாறுவது அதிகம் விலாசத்தில்தான். ஆங்கிலம் பேசாத அம்மம்மாவும் அழைக்கலாம். ‘அம்புலன்ஸ்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி, பிறகு ‘தமிழ்’ என்று சொல்லி, தொலைபேசியை வைக்காமல் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

எந்த மீன்?

எம்மவர்களுக்கு அறக்குளா என்றால் விருப்பம். அதுதான் இங்கே ஸ்பானிஷ் மக்கரல். குவீன்ஸ்லாந்துப் பக்கம் போகிறவர்கள் சிகுவாதெரா என்ற மீன் நஞ்சைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். பவளப்பாறையில் வளரும் நுண்பாசியிலிருந்து சின்ன மீனுக்கும், அதிலிருந்து பெரிய மீனுக்கும் போய்ச் சேரும் நஞ்சு இது. மீன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூட. மணம், சுவை எதுவும் மாறாது. பொரித்தாலும் உறையவைத்தாலும் போகாது. தலை, ஈரல், சினை ஆகியவற்றில் கூடுதலாகச் சேரும். மீன்தலைக் குழம்புக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! ஹார்வி பேக்குப் பக்கத்தில் உள்ள பிளாட்டிபஸ் பேயில் அறக்குளா பிடிக்கவே தடை இருக்கிறது. வயிற்றோட்டத்தோடு உதடும் விரலும் விறைத்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவதுபோல் இருந்தால் இந்த நஞ்சாக இருக்கலாம். பேச முடியாத பிள்ளை ஐஸ்கிறீமைத் தொட்டதும் வீரிட்டு அழலாம். கிழமைக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. யாராவது வள்ளத்தில் போய்ப் பிடித்த பெரிய மீனை அன்பளிப்பாகத் தந்தால், எந்த இடத்து மீன் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பிள்ளைக்குச் சின்ன வைற்றிங், பிளாட்ஹெட் போதும். முள்ளை மட்டும் விரலால் தேடி எடுங்கள். முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்க வைப்பது வேண்டாம். அது முள்ளை இன்னும் ஆழத் தள்ளலாம்.

மீன் பொரியலும் சிப்ஸும் விற்கும் கடைகளில் ‘பிளேக்’ என்று இருப்பது சுறா. எமக்குச் சுறா வறை பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு, அதனால் நல்லது என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. பெரிய சுறாவில் பாதரசம் கூட. இங்குள்ள உணவுத் தர நிர்ணய நிறுவனத்தின் அறிவுரைப்படி கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் சுறா இரண்டு கிழமைக்கு ஒரு வேளைதான், அந்த இரண்டு கிழமையில் வேறு மீன் இல்லை. பிள்ளைக்கு ஒரு வேளை என்பது 75 கிராம். பால் கொடுக்கும் தாய் மற்றப் பெரியவர்களைப்போலக் கிழமைக்கு ஒரு வேளை, 150 கிராம், சாப்பிடலாம். அந்தக் கிழமை வேறு மீன் வேண்டாம். ஆகவே வறை தடையில்லை, அளவுதான்.

பச்சைச் சிப்பி சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். 1997இல் வாலிஸ் லேக் சிப்பியால் 400க்கும் மேற்பட்டோருக்கு ஹெப்பரைற்றிஸ் ஏ வந்தது இந்த மாநிலத்தில்தான்.

வாங்கிய மீன் ஐஸில்லாமல் காரின் பின்னால் கிடந்தால் இன்னொரு தொல்லை. சூரை, கானாங்கெளுத்தி, சூடை போன்றவற்றில் வெப்பத்தில் ஹிஸ்ரமின் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சூடேறிச் சொறியும், தலை இடிக்கும். ஒவ்வாமை மாதிரியே இருக்கும். ஒரே மீனைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் ஒன்றாக வந்தால் மீனைச் சந்தேகியுங்கள். எட்டு டொலர் ஐஸுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் எண்பது டொலருக்கு நண்டு வாங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

தண்ணீரில்

கடலோரத்தில் பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் எம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. யுத்தகாலத்தில் கரையோரத்தின் பல பகுதிகள் பாதுகாப்பு வலயமாகிக் கடலைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தவர்கள் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் குறைவு. நீந்தத் தெரியாத தாய் தகப்பன் முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் பிள்ளையோடு போகக்கூடாது, அதுவும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தைப் பார்த்து ‘இது பிள்ளைக்கு நல்லது’ என்று போகிறார்கள். வெளியே இழுக்கும் நீரோட்டம் பல வேளைகளில் அங்கேதான் இருக்கும். ஒருவர் இழுபட்டால் வெறுங்கையோடு பின்னால் பாயாமல் மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள். எஸ்கி மூடியும் உதவும்.

ஆனால் இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூழ்குவது கடலைவிட நீச்சல் குளத்தில்தான் அதிகம். சத்தம் கேட்கும் என்று எண்ண வேண்டாம். பிள்ளை கத்தாமல்தான் மூழ்கும். வந்திறங்கிய உடனே, பெட்டிகளை இறக்குமுன், குளத்து வேலிக் கதவைத் திறந்து கைவிட்டுப் பாருங்கள். தானாக மூடிக் கொழுவ வேண்டும். கொழுவாவிட்டால் வீட்டுக்காரருக்கு உடனே அறிவியுங்கள். திருத்தும் வரை பிள்ளை வெளியே போகாதபடி பின்கதவைப் பூட்டி வையுங்கள். கதவைக் கல் வைத்துத் திறந்து விடுவதும், வேலியோரம் கதிரை போடுவதும் கூடாது. பத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அந்த இருபது நிமிடமும் அவர் கையில் போன் வேண்டாம், பியர் வேண்டாம்.

கடைசியாக, கேட்டபடியால் ஜெலி மீன். சிட்னிப் பக்கத்து நீலக்குப்பி கடித்தால் இழைகளை எடுத்து, கடல் தண்ணீரால் கழுவி, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் இருபது நிமிடம் வையுங்கள். 45 பாகைக்கு மேற்படக் கூடாது; முதலில் உங்கள் கையில் சூடு பாருங்கள். வினாகிரி இதற்கு வேண்டாம். பண்டபேர்க்குக்கு வடக்கே கதை வேறு. அங்கே 000க்கு அழைத்து, முப்பது செக்கன் வினாகிரி ஊற்ற வேண்டும். நவம்பர் முதல் மே வரை வலைக்குள் மட்டும் குளியுங்கள். பாறைக் குட்டைகளில் உள்ள நீல வளைய ஒக்டோபஸ் உள்ளங்கை அளவு கூட இராது. சும்மா இருக்கும்போது மண்ணிறம். சீண்டினால்தான் நீல வளையம் தெரியும். கடித்தால் நோகாமலே மூச்சை நிறுத்திவிடலாம். வெறும் சிப்பிக்குள்ளும் தகரப் பேணிக்குள்ளும் ஒளிந்திருக்கும். பிள்ளை சிப்பி பொறுக்கிய வாளியை வீட்டுக்குக் கொண்டுவருமுன், கையை உள்ளே விடாமல், மணலில் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.