கருத்தரிக்கும் நாட்களை உடலே காட்டும்

மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே விதைப்புக்கு ஈரம் போதுமா என்று சொல்லக்கூடியவர்கள் எமது விவசாயிகள். பெண்ணின் உடலும் அவ்வாறே மாதந்தோறும் தன் நிலையை வெளியே காட்டுகின்றது. அதைக் கவனிக்கப் பழகினால், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் எவை என்பதை நாமே அறிந்துகொள்ளலாம். பிள்ளைக்காகக் காத்திருப்போருக்கும், இடம்பெயர்ந்த நிலையில் அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட விரும்புவோருக்கும் இது உதவும். ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 24 மாதங்களின் பின்னரே தாய் மீண்டும் கருவுற முயல்வது நல்லது என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஒவ்வொரு மாதவிடாய் வட்டத்திலும் சூலகத்திலிருந்து பொதுவாக ஒரு முட்டை வெளியேறுகின்றது. அது 12 முதல் 24 மணித்தியாலம் வரையே உயிருடன் இருக்கும். ஆணின் விந்தணுக்களோ, பெண்ணின் உடலில் ஏற்ற திரவம் இருந்தால், 5 நாட்கள் வரை வாழக்கூடியவை. எனவே முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களுமே கருத்தரிக்கும் காலம்.

"14ஆம் நாள்" என்று பலர் கணக்கிடுவர். இது எல்லோருக்கும் பொருந்தாது. பசி, நோய், மனக்கவலை, அலைச்சல் ஆகியன முட்டை வெளியேறுவதைப் பிந்தச் செய்யலாம். எனவே கலண்டரை மட்டும் நம்புவது தகாது.

முதன்மையான அடையாளம்

மாதவிடாய் முடிந்ததும் பலருக்குச் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பின்னர் கருப்பைக் கழுத்திலிருந்து பிசுபிசுப்பான, கலங்கலான திரவம் வரத் தொடங்கும். நாள் செல்ல அது தெளிந்து, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இழுபட்டு வழுக்கும். வழுக்கும் தன்மை இருக்கும் கடைசி நாளே உச்ச நாள். முட்டை வெளியேறுவது அந்நாளை ஒட்டியே. அதன்பின் மீண்டும் பிசுபிசுப்போ வறட்சியோ ஏற்படும்.

அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் 1953இல் தொடங்கிய ஆய்வில் இம்முறை உருவானது. பின்னர் அவரது மனைவி வைத்தியர் எவெலினும் அதில் இணைந்தார். 1970களில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் இதைப் பரீட்சித்தது. எழுத்தறிவற்றோரும் அதில் சேர்ந்திருந்தனர். 100 பேரில் 90க்கு மேற்பட்டோர் முதல் வட்டத்திலேயே இந்த அடையாளத்தைக் கண்டுகொண்டனர்.

முட்டை வெளியேறியபின் உடல் வெப்பமும் 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயரும். இதைக் காலையில் எழும்பமுன் அளக்க வேண்டும். ஆனால் வளமான நாட்கள் கடந்தபின்னரே இது தெரியவரும்.

செய்ய வேண்டியவை

* மலசலகூடத்துக்குச் செல்லும்போதெல்லாம் ஈரமா, வறட்சியா, வழுக்கலா என்று கவனியுங்கள்.
* ஒவ்வோர் இரவும் ஒரு கொப்பியில் குறியுங்கள். எழுதத் தெரியாதோர் அடையாளம் ஒன்றை இடலாம்.
* பிள்ளை வேண்டுமெனில் வழுக்கும் நாட்களில் கூடுங்கள்.
* இடைவெளி வேண்டுமெனில் மாதவிடாயின்போதும், திரவம் தோன்றிய நாள் முதல் உச்ச நாளின் பின் முழுமையாக 3 நாட்கள் கழியும்வரையும் கூடாதிருங்கள். முந்திய வறண்ட நாட்களில் ஓர் இரவு விட்டு ஓர் இரவு மட்டும் கூடலாம். விந்தின் ஈரம் மறுநாள் அடையாளத்தை மறைக்கும்.

கவனிக்க வேண்டியவை

இது கணவனும் மனைவியும் சேர்ந்தே கைக்கொள்ள வேண்டிய முறை. மேற்கூறிய பரீட்சையில், விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்த 100 பேரில் ஏறத்தாழ 3 பேரே ஒரு வருடத்தில் கருவுற்றனர். தவறியோரையும் சேர்த்தால் 20க்கும் மேல். ஆகவே மீண்டும் கருவுறுவது தாயின் உயிருக்கு ஆபத்தாயின், வேறு முறைகளைப் பற்றியும் மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், கருத்தரிப்போர் 100க்கு 2 பேருக்கும் குறைவு. இவற்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பாதுகாப்பு நீங்கும்.

அரிப்பு, துர்நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறத் திரவம் ஆகியன வளத்தின் அடையாளமல்ல, நோயின் அடையாளம். வெட்கப்படாது கிளினிக்குக்குச் செல்லுங்கள். பாலியல் நோய்களையும் இம்முறை தடுக்காது.

முதல் மாதம் கவனித்துக் குறிப்பதற்கு மட்டுமே. குறிப்புக் கொப்பியை மருத்துவமாதுவிடம் காட்டி விளக்கம் பெற்றபின்னரே இம்முறையை நம்பி நடக்கத் தொடங்குவோம்.