நாற்பதாயிரம் டொலர் வாக்கு

சந்தைக்குச் செல்பவர் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே அதன் விலையை விசாரிப்பது உலக வழக்கு. பொருள் இன்னும் உருவாகாதிருக்க, அதன் விலை மாத்திரம் முன்னதாக வந்து நின்று, இலட்சக்கணக்கானோரை வரிசையில் நிறுத்திய புதுமையொன்று அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவிலே நிகழ்ந்தது. மூன்று பெருங் கம்பனிகள், ஒன்றையொன்று வெல்லும் நோக்குடன், மின்சாரத்தால் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு ஏறக்குறைய ஒரே விலையைக் கூறின. அந்த விலைக்கு வண்டியை வாங்கி வீட்டுக்கு ஓட்டிச் சென்றவர்களோ மிகச் சிலர். இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இன்று நமது நோக்கம். விலை, போட்டி என்பவற்றைப் பாடப் புத்தகத்திலே கற்கும் மாணவர்களுக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

முன்னே ஆசனங்களும் பின்னே திறந்த பெட்டியும் கொண்ட பிக்கப் வண்டியை நாம் அறிவோம். நான்கு கதவுகள் உடையதை 'டபிள் கப்' என்றும் வழங்குகிறோம். அமெரிக்கக் கமக்காரருக்கும் தச்சருக்கும் மேசனுக்கும் அது ஒரு தொழிற் கருவி. நகரவாசிகள் பலருக்கு அதுவே குடும்ப வாகனமும் ஆகும். போர்ட் கம்பனியின் 'எப்' வரிசை 1977ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் மிக அதிகமாக விற்பனையாகும் பிக்கப்பாக விளங்கி வருகிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் அவ்வரிசையில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விலைப்பட்டன. அமெரிக்க மோட்டார்க் கம்பனிகளின் இலாபத்திற் பெரும் பங்கு இவ்வண்டிகளிலிருந்தே வருகின்றது. எனவே, பெற்றோலை விடுத்து மின்சாரத்தை நாடும் காலம் வந்தபோது, இந்தக் கோட்டையை யார் முதலிற் பிடிப்பது என்ற போட்டி மூண்டதில் வியப்பில்லை.

மூவர் கூறிய ஒரே விலை

2019 நவம்பர் 21ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையில், டெஸ்லா கம்பனியின் தலைவர் இலோன் மஸ்க் 'சைபர்ட்ரக்' என்ற வண்டியை மேடையேற்றினார். துருப்பிடியா உருக்கினால் கோணங்கோணமாக அமைந்த அதன் கண்ணாடி உடையாதது என்று காட்ட, இரும்புக் குண்டொன்றை எறிந்தபோது கண்ணாடி உடைந்தே போயிற்று! ஆயினும் மக்களின் மனத்தில் நின்றது கண்ணாடியன்று, விலைதான். 39,900 டொலரிலிருந்து தொடங்கும் என்றார்கள். நூறு டொலர் முற்பணம் கட்டி இடம் பிடித்துக்கொள்ளலாம்; வேண்டாவிடின் அதைத் திரும்பப் பெறலாம்.

2021 மே மாதத்திற் போர்ட் கம்பனி 'எப்-150 லைட்னிங்' வண்டியை அறிமுகஞ் செய்தது. அதற்கு முதல் நாள் ஜனாதிபதி ஜோ பைடனே அதை ஓட்டிப் பார்த்தார். ஆரம்ப விலை 39,974 டொலர். 2022 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி தனது ஷெவ்ரொலே சில்வராடோ மின்சார வண்டியைக் காட்டிற்று. அதன் ஆரம்ப விலை 39,900 டொலர்.

ஆயிரம் ரூபாப் பொருளுக்கு 999 ரூபா என்று அட்டை தொங்கவிடும் கடைக்காரரை நாம் கண்டதுண்டு. இங்கேயும் நாற்பதாயிரம் என்னும் எல்லையைத் தாண்டாதிருப்பதே அறிவிப்பின் உயிர்நாடியாக இருந்தது. மூவரில் எவரும் அந்த எல்லைக்கு மேலாகச் சொல்லத் துணியவில்லை. போட்டி விலையைக் குறைக்கும் என்ற பொருளியல் விதி, கடதாசியில் மட்டும் நன்றாகவே வேலை செய்தது.

இவர்களுக்கிடையே, இலினோய் மாநிலத்து நோர்மல் என்னும் ஊரிலே பழைய மிற்சுபிசித் தொழிற்சாலையொன்றை வாங்கிய ரிவியன் என்ற புதிய கம்பனி, பெரியவர்களையெல்லாம் முந்திக்கொண்டு 2021 செப்டெம்பரில் முதல் வண்டியை விநியோகித்தது. அதன் விலை 67,500 டொலரில் தொடங்கியது. சொன்ன விலை உயரமானதுதான். ஆயினும் வண்டி கைக்கு வந்தது.

ஏறிய விலையும் கேட்ட மன்னிப்பும்

லைட்னிங் வண்டியின் உற்பத்தி 2022 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்து டியர்போர்ன் நகரிலே தொடங்கியது. அதற்குள் இடம் பிடித்தவர்கள் ஏறக்குறைய 2 இலட்சம் பேர். 39,974 டொலர் என்ற விலை முதற் சில மாதங்களே நின்றது. 2022 ஓகஸ்டில் அது 46,974 டொலராயிற்று, ஒக்டோபரில் 51,974, டிசம்பரில் 55,974, 2023 மார்ச்சில் 59,974. அறிவித்த விலையின் அரைப்பங்கு மேலதிகமாக ஏறி நின்றது!

காரணம் இரண்டு. பற்றரிக்கு வேண்டிய இலிதியம், நிக்கல் முதலியவற்றின் விலை 2022இல் வெகுவாக ஏறியமை ஒன்று. மற்றையது, வரிசையின் நீளம். தொழிற்சாலை செய்யக்கூடியதிலும் பன்மடங்கு பேர் காத்து நிற்கையில், விலையை ஏற்றினாலும் வண்டி விலைப்படும் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும்.

ரிவியன் கம்பனியும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. 2022 மார்ச் 1ஆந் திகதி அது தன் வண்டிகளின் விலையை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயர்த்திற்று. உயர்வு இனி வருவோருக்கு மட்டுமன்று, முன்னரே பதிந்து காத்திருந்தோருக்கும் பொருந்தும் என்றது. கொதித்தெழுந்த வாடிக்கையாளர்கள் பதிவுகளை இரத்துச் செய்யத் தலைப்பட்டனர். இரண்டே நாட்களில் அதன் தலைவர் ஆர். ஜே. ஸ்கரிஞ்ச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, முன்பு பதிந்தோருக்குப் பழைய விலையே என்று அறிவித்தார். சட்டப்படி விலையை மாற்ற வழியிருக்கலாம். ஆனால் வாங்குவோர் அதை வெறும் எண்ணாக அல்ல, கொடுத்த வாக்காகவே கருதினர் என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டிவிட்டன.

டெஸ்லாவின் வண்டி நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 30ஆந் திகதி வெளிவந்தது. அன்று கூறப்பட்ட மிகக் குறைந்த விலை 60,990 டொலர். அந்த வகையோ பின்னொரு காலத்திலேயே கிடைக்கும் என்றார்கள். உடனே கிடைக்கக்கூடியவை 79,990 டொலரும் 99,990 டொலருமாக இருந்தன. சில்வராடோவும் சந்தைக்கு வந்தபோது எழுபதாயிரம் டொலருக்கு மேற்பட்ட விலையோடேயே வந்தது.

பற்றரியின் பாரம்

மூலப்பொருட்களின் விலை பின்னர் விழுந்தது. 2023 ஜூலையிற் போர்ட் கம்பனி தன் விலையை 49,995 டொலருக்கு இறக்கியது. ஆயினும் நாற்பதாயிரத்தை அது மீண்டும் எட்டவில்லை. ஏன்? இதற்கு விடை வண்டியின் அடியிலே படுத்திருக்கும் பற்றரியில் உண்டு.

மின்சாரக் கட்டணச் சிட்டையிலே காணும் 'அலகு' என்பது ஒரு கிலோவாற்று மணி. மாதமொன்றுக்குத் தொண்ணூறு அலகுக்குட்படச் செலவிடும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். லைட்னிங் வண்டியின் சிறிய பற்றரியே 98 அலகு கொள்ளும். பெரியது 131 அலகு கொள்ளும். அதாவது, நம் குடும்பமொன்றின் ஒரு மாத மின்சாரம் முழுவதையும் வயிற்றில் அடக்கிக்கொண்டே அவ்வண்டி புறப்படுகிறது! அதைக்கொண்டு அது ஓடக்கூடிய தூரம் முறையே 230 மைலும் 320 மைலும் என அரசாங்கப் பரிசோதனை மதிப்பிட்டது. பெட்டி போன்ற உருவமும் மிகுந்த எடையும் உடைய வண்டி காற்றைக் கிழித்துச் செல்லச் சத்தி அதிகம் வேண்டும். பின்னே பாரமான இழுவைப் பெட்டியொன்றைப் பூட்டினாலோ, ஓடக்கூடிய தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கம்பனிகள் ஒன்றோடொன்று தூரத்திற் போட்டியிட்டன. தூரம் கூட்டப் பற்றரி பெருத்தது. பற்றரி பெருக்க எடை கூடியது. எடை கூட மேலும் சத்தி வேண்டியதாயிற்று. மின்சார ஹமர் வண்டி இந்தப் போக்கின் சிகரம். 200 அலகுக்கு மேற்பட்ட பற்றரி, 4 தொன்னுக்கு மேற்பட்ட எடை, முதற் பதிப்பின் விலை 112,595 டொலர்! மின்சார வண்டியிலே மிக விலைகூடிய உறுப்பு பற்றரியே. அதைப் பெருப்பித்துக்கொண்டு விலையைச் சிறுப்பிக்க எவராலும் இயலாது.

கோழியால் எழுந்த மதில்

நிற்க, உலகத்தில் மலிவான மின்சார வண்டி செய்வோர் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அவர்கள் அமெரிக்கச் சந்தையினுள் நுழைய முடிவதில்லை. அதன் கதை கோழியிலிருந்து தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சியின் மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்திரின், பிராந்தி ஆகியவற்றோடு இறக்குமதியாகும் சிறிய பாரவண்டிகளுக்கும் 25 வீத வரி விதித்தார். கோழிச் சண்டை மறைந்தது. மற்றைய பொருட்களின் வரியும் காலப்போக்கில் நீங்கியது. பாரவண்டிக்கான வரி மட்டும் நிலைத்துவிட்டது. இதனை இன்றும் 'கோழி வரி' என்றே அமெரிக்கர் அழைப்பர். 2024இல் சீன மின்சார வாகனங்களுக்கு 100 வீத வரியும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், சீனாவின் பி.வை.டி. கம்பனி, பற்றரியும் எஞ்சினும் சேர்ந்து இயங்கும் 'ஷார்க்' என்னும் பிக்கப்பை மெக்சிக்கோவில் அறிமுகஞ் செய்தது. எல்லைக்கு அப்பால் விற்கப்படும் வண்டி, இப்பால் உள்ள கமக்காரருக்கு எட்டாக் கனி.

மதிலுக்குள்ளே நடக்கும் போட்டியும் போட்டிதான். ஆனால் அது மலிவை நோக்கிச் செல்லவில்லை. பருமனையும் பகட்டையும் நோக்கியே சென்றது. உள்நாட்டுத் தொழிலாளரைக் காக்கும் மதில், உள்நாட்டு வாங்குவோரைக் காக்கத் தவறியது.

கணக்குத் தீர்ந்த நாள்

வாங்குவோருக்குக் கைகொடுக்க அரசாங்கம் 7,500 டொலர் வரிச்சலுகை அளித்துவந்தது. 2022இல் நிறைவேறிய சட்டம், பிக்கப்பின் விலை 80,000 டொலரைத் தாண்டினால் அச்சலுகை இல்லையென எல்லை வகுத்தது. 79,990 என்ற விலையை மேலே கண்டோமல்லவா? அந்தப் பத்து டொலரின் இரகசியத்தை மாணவர்கள் ஊகிக்கலாம். இச்சலுகையும் 2025 செப்டெம்பர் 30ஆந் திகதியோடு முடிவுற்றது.

2024இல் விற்பனையான லைட்னிங் வண்டிகள் 33 ஆயிரத்துக்குச் சற்றுக் கூட. போர்ட் கம்பனியின் மின்சார வாகனப் பிரிவு அவ்வாண்டில் அடைந்த நட்டம் ஏறத்தாழ 510 கோடி டொலர். முன்னதாக, 2024 ஜனவரியிலேயே டியர்போர்ன் தொழிற்சாலை ஒரே வேலைமுறையாகக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டபோது 1,400 தொழிலாளர் வரையில் பாதிக்கப்பட்டனர். 2025 டிசம்பரில், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. மின்சாரத் திட்டங்களை மாற்றியமைப்பதால் வரும் இழப்பு 1,950 கோடி டொலர் எனக் கணக்கிட்டது. ராம் வண்டிகளைச் செய்யும் ஸ்டெலாண்டிஸ் கம்பனி, தனது முழு மின்சாரப் பிக்கப்பை விற்பனைக்கு விடுமுன்னரே 2025 செப்டெம்பரிற் கைவிட்டது. ஒகாயோவிலே பழைய ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையை வாங்கிப் புறப்பட்ட லோர்ட்ஸ்டவுன் கம்பனி 2023 ஜூனில் வங்குரோத்தாயிற்று.

சிறியதன் முறை

இவற்றைக் கண்டு பாடம் படித்தோர் இப்போது எதிர்த்திசையில் நடக்கின்றனர். 2025 ஏப்ரலில் 'ஸ்லேட்' என்ற புதிய கம்பனி, சாயம் பூசாத, வானொலி இல்லாத, கையாற் சுழற்றி யன்னல் இறக்கும் சிறிய மின்சாரப் பிக்கப்பொன்றைக் காட்டியது. அதன் பற்றரி 52.7 அலகு, ஓடும் தூரம் 150 மைல். வரிச்சலுகை நீங்க விலை 20,000 டொலருக்குக் குறைவு என்றார்கள். சலுகை மறைந்ததும், இருபதாயிரத்தின் நடுப்பகுதி என்று பேச்சு மாறியது. போர்ட் கம்பனியும் 2025 ஓகஸ்டில், 30,000 டொலரில் ஒரு நடுத்தரப் பிக்கப்பை 2027இல் தருவதாக அறிவித்தது. பற்றரியைச் சிறுப்பித்தால் விலை சிறுக்கும் என்ற இவ்வழி, இயற்கையோடு ஒத்த வழிதான். ஆயினும் ஒன்றை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இங்கேயும் வண்டிக்கு முன்னதாக விலையே வந்து நிற்கிறது.

எதிர்கால வண்டிக்கு இன்று கூறும் விலை, மூலப்பொருளின் ஏற்றத்தையும் அரசாங்கத்தின் சட்டத்தையும் தொழிற்சாலையின் வேகத்தையும் முன்கூட்டியே கணித்துக் கூறும் சோதிடம் போன்றது. சோதிடம் பொய்த்தாற் சோதிடருக்குப் பெரிய நட்டமில்லை; அதை நம்பிப் பழைய வண்டியை மாற்றாமல் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த தச்சருக்கும் கமக்காரருக்குமே நட்டம். 2019இற் கட்டிய நூறு டொலரைத் திரும்பப் பெற்றுவிடலாம்; காத்திருந்த நான்கு ஆண்டுகளைத் திருப்பித் தருவார் எவருமில்லை. எந்த நாட்டில், எந்தப் பொருளை வாங்குவதாயினும், அட்டையிலுள்ள விலையைப் படிக்கும்போது அந்தப் பொருள் கடையில் இருக்கின்றதா என்பதையும் எட்டிப் பார்ப்பது நன்று.