மருதத்தின் உறவு, மல்லியின் பெயர்

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அமைந்த ஊர் கவரைப்பேட்டை. இந்த ஊரிலிருந்து குமரி வரை தமிழ்நாட்டு வீட்டு வாயில்களில் விரும்பி வளர்க்கப்படும் கொடி இரங்கூன் மல்லி. ஒரே கொத்தில் வெண்மை, இளஞ்சிவப்பு, செஞ்சிவப்பு என மூவண்ணப் பூக்கள் தொங்கும். ஆங்கிலத் தோட்டக்காரர் இதனைச் சீன ஹனிசக்கிள் என்பர். இரு பெயர்களும் இச்செடிக்கு ஓர் உறவு சொல்கின்றன. அவ்வுறவு இரண்டும் இதற்கு இல்லை.

மெய்யான ஹனிசக்கிள் லோனிசெரா என்னும் பேரினம். அதனை நம் நாட்டில் இயற்கையாகக் காண நீலகிரிச் சோலைகள் போன்ற குளிர்ந்த மலைகளுக்கு ஏற வேண்டும். மல்லிகையோ ஆலிவ் மரத்தின் குடும்பம். இரங்கூன் மல்லியின் சுற்றம் நமக்கு இன்னும் நெருங்கியது: ஆற்றங்கரை மருதம், கடுக்காய், தான்றி. இதன் காயில் ஐந்து வரம்புகள் எழுந்து நிற்கும். மருதங்காயின் ஐந்து சிறகுகளை அதனருகில் வைத்துப் பார்த்தால் போதும், உறவு விளங்கும்.

அந்தி சாயும்போது அரும்பு வெண்மையாய் விரிகிறது. மணம் இரவில் மிகுகிறது. விரல் நீளப் பூங்குழலின் அடியில் ஊறும் தேனை எட்ட, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகள் இருளில் வருகின்றன. மறுநாள் ஆந்தோசயனின் என்னும் நிறமி இதழ்களில் திரளத் திரள, பூ இளஞ்சிவப்பாகிப் பின்னர்ச் செம்மையுற்றுத் தலை கவிழ்கிறது. பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நாடி வருகின்றன. நிறமும் நிலையும் மாறுவது, இரவு விருந்தினரையும் பகல் விருந்தினரையும் பிரித்து அழைக்கும் உத்தியாகலாம் என 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வு கருதியது. சிவந்த பூ முதுமையால் வாடியதென்று கிள்ளி எறிவோரைக் கண்டால் எனக்கு மனம் நோகும்; கொத்து முழுமையும் ஒரே அழைப்பு அன்றோ!

பதினேழாம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்த இரம்பியசு, கண்ணொளி இழந்த பின்னரும் அத்தீவின் செடிகொடிகளைப் பற்றிய பெருநூலை விடாது உருவாக்கியவர். இளமையில் புதராய் நின்று, வளர்ந்தபின் கொடியாகிக் கொம்பேறும் இச்செடிக்கு அவர் இலத்தீனில் இட்ட பெயர் ‘குவிசு குவாலிசு’. யார், எத்தகையது என்பது அதன் பொருள். 1762இல் தாவரவியலறிஞர் இலின்னேயசு அவ்வினாவையே பேரினப் பெயராக்கினார். இன்றைய அறிவியல் பெயர் கொம்பிரீட்டம் இண்டிக்கம்.

பெயரைத் திருத்தி இரங்கூன் மருது என்றழைக்க எண்ணியதுண்டு, பின்னர் விட்டுவிட்டேன். இரவில் எழும் மணமே மல்லி என்னும் பெயருக்குச் சான்று. இரங்கூன் என்னும் முன்னொட்டும் வெறும் அடையாளம் அன்று: 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வடசென்னையில் குடியமர்ந்த தமிழர்க்கு அது விட்டுவந்த ஊரின் பெயர்.