பரணில் தூங்கும் பழைய பாலிசி: விஷம் ஏறிய நிலத்தைச் சுத்தம் செய்ய பணம் தருமா?

நெல்லை அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் குப்பை மூட்டை மூட்டையாகக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? 'கொட்டியவர்களே அள்ள வேண்டும்' என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டிப்பாகச் சொன்னது. கேரள அதிகாரிகள் டிசம்பர் 22-ந் தேதி லாரிகளோடு வந்து இறங்கினார்கள். குப்பை வந்த வழியே திரும்பியது.

அது கண் முன்னால் கிடந்த குப்பை. கொட்டியது யார் என்றும் தெரிந்தது.

ஆனால், 40 வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் இறங்கிய விஷம்? சாயப்பட்டறை மூடியாச்சு. பேட்டரி பட்டறைக்காரர் ஊரை விட்டே போயாச்சு. தாமிரபரணிக் கரையில் அடுத்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் நிறம் மாறி வருகிறது. செலவு யார் தலையில்?

புது விதி வந்தாச்சு

மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் கணக்கெடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மண்ணையும் நீரையும் சோதிக்க வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் செலவை அவரிடமே வசூலிக்க வேண்டும்.

விதி வந்தபோது நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட இடங்கள் 103. வேலை தொடங்கியிருந்ததோ வெறும் 7 இடங்களில்!

அமெரிக்காவில் நடந்த கூத்து

அமெரிக்காவில் 1980-ல் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. என்றோ கொட்டிய விஷத்துக்கும் இன்று பணம் கட்டு என்றது அது. கம்பெனிகள் அலறின. அப்போதுதான் வக்கீல்களுக்கு ஒரு யோசனை உதித்தது: "பழைய இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடுங்கள்!"

விஷயம் இதுதான். அந்தக் கால பாலிசிகள் 'சம்பவம்' அடிப்படையில் எழுதப்பட்டவை. பாலிசி இருந்த வருஷத்தில் சேதம் நடந்திருந்தால் போதும். 30 வருஷம் கழித்து வழக்கு வந்தாலும் இன்சூரன்ஸ்காரர் பதில் சொல்லியாக வேண்டும். பரண், இரும்புப் பெட்டி, கணக்குப் பேரேடு என்று எல்லாவற்றையும் கிளறிப் பழைய பாலிசியைக் கண்டுபிடிப்பதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 'திடீர் விபத்தாக இருந்தால்தான் தருவோம்' என்று 1973-லேயே பாலிசியில் ஒரு வரி சேர்த்திருந்தன. 1986-ல் மாசு என்றாலே கிடையாது என்று கதவைச் சாத்தின. ஆனால் பழைய பாலிசிகளை என்ன செய்ய முடியும்?

லண்டன் லாயிட்ஸ் ஆடிப்போனது. 1988 முதல் 1992 வரை அதன் நஷ்டம் சுமார் 800 கோடி பவுண்டு. ஆஸ்பெஸ்டாசுக்கும் மாசுக்கும் வந்த பழைய பாலிசிக் கோரிக்கைகள் அதில் பெரும் பங்கு. அதில் பணம் போட்டிருந்த பல பேர் வீடு வாசலை இழந்தார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. கொலராடோ மாநிலத்தில் பூச்சிமருந்துக் கழிவுக்காக ஷெல் கம்பெனி 200-க்கும் மேற்பட்ட இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. 1988-ல் ஜூரி கைவிரித்தது. வழக்கு அப்பீலுக்கும் போனது. தெரிந்தே கெடுத்தால் இன்சூரன்ஸ் காப்பாற்றாது என்பதே அதன் பாடம்.

நம்ம ஊரில்?

"கம்பெனியே இல்லை, காகிதம் எதுக்கு அண்ணாச்சி? பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிரட்டுமா?" என்று கடைப் பையன் கேட்பான். அவசரப்படாதீர்கள்!

1973 ஜனவரி 1-ந் தேதி பொது இன்சூரன்ஸ் நாட்டுடைமை ஆனது. 107 கம்பெனிகள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்குக்குள் அடங்கின. சொத்து மட்டுமல்ல, பொறுப்பும் சேர்ந்தே மாறியது. ஆகவே பெயர் மறைந்த கம்பெனிக்கும் வாரிசு உண்டு.

ஆனாலும் முட்டுக்கட்டைகள் நிறைய. தீ, திருட்டு பாலிசி இதற்கு உதவாது. பிறருக்கு நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பேற்கும் பாலிசி வேண்டும். அது உங்கள் சொந்த மண்ணுக்காக அல்ல, அடுத்தவர் கிணற்றுக்காக. இப்போது விற்கும் பாலிசிகளில், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த மாசுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது.

போபால் துயரத்துக்குப் பிறகு வந்த 1991-ம் வருஷச் சட்டம், அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகள் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் எடுப்பதைக் கட்டாயமாக்கியது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் தொழிற்சாலையின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. 5 வருஷத்துக்குள் கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் போதும். பலருக்கு இது தெரியாது!

என்ன செய்யலாம்?

பழைய பட்டறை, மில், பெட்ரோல் பங்க் இருந்த இடத்தை வாங்குகிறீர்களா? வில்லங்கம் பார்ப்பது போல மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்துப் பாருங்கள். பாலிசி நிலத்தோடு வராது. அதை எடுத்தவரோடுதான் போகும். ஆகவே விற்பவரிடம் பழைய பாலிசி இருக்கிறதா என்று கேட்டு, யார் பொறுப்பு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா, தாத்தா நடத்திய தொழிலா? பாலிசி கிடைக்காவிட்டாலும் பிரீமியம் ரசீது, பேரேடு, பேங்க் கணக்கு எதையும் கிழிக்காதீர்கள். பாலிசி நம்பரும் வருஷமும் தெரிந்தாலே தேடுவதற்கு ஒரு நுனி கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நோட்டீஸ் விட்டால் அன்றைக்கே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். தாமதமே அவர்களுக்கு நல்ல சாக்கு!

எடைக்குப் போட்டால் அந்தக் காகிதத்துக்கு நாலு காசு கிடைக்கும். வழக்கு என்று வந்தால் அதன் விலையே வேறு!